அரைப் பக்கம்

ஞாயிறு பத்திரிகை மஸ்கெலியாவுக்கு வர
ஒன்பதரை ஆகும்.
பஸ்ஸிலிருந்து இறக்கிய கட்டில்
நனையாத ஒரு பிரதியை உருவிக்கொண்டேன்.
பதினோராம் பக்கத்தில் என் செய்தி இருக்க வேண்டும்:
காற்றில் பறந்த தகரங்கள், ஆறு காம்பரா,
பள்ளிக்கூட மண்டபத்தில் பத்தொன்பது பேர்.

பதினோராம் பக்கத்தில் கடல் இருந்தது.
அரைப் பக்கக் கடல், அதில் ஒரு பாய்மரக் கப்பல்.
வரப்போகிறதாம் ஒரு கணினி விளையாட்டு.
ஆண்டு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
நீங்கள்தான் ஆளுநர்.
காடு வெட்டலாம், கோப்பி நடலாம், பாதை போடலாம்,
ஆள் இறக்கலாம், நூறு பேருக்கு மூன்று காசு.
'வரலாறு இவ்வளவு அழகாக இருந்ததில்லை'
என்று முடித்திருந்தார்
கொழும்பில் குளிரூட்டிய அறையில்
முன்னோட்டம் பார்த்தவர்.
வழியில் சாகிறவர் நூற்றுக்கு இருபத்தைந்து,
ஆஸ்பத்திரி கட்டினால் பன்னிரண்டு
என்பது பெட்டிச் செய்தி.

ரெஜினோல்டுக்கு எடுத்தேன்.
"இடம் இல்ல தம்பி, கேம் வந்துட்டுது."

போன் திருத்தும் கனிஸ்டன்
அந்தக் கப்பலைப் போனில் பிடித்து
இரண்டு விரலால் விரித்தான்.
அரிப்புக் கரையிலிருந்து மாத்தளை வரை
எள்ளுப் போல ஆட்கள்.
இன்னும் விரித்தான். எள் சதுரமானது.
சதுரத்துக்கு முகம் இல்லை.
ஒன்றின் தலையில் மட்டும்
வேறு நிறத்தில் இன்னொரு சதுரம்.
பானையா, பிள்ளையா,
மை பிசகியதா, தெரியவில்லை.

"நான் ஆடினா ஒன்னும் செய்ய மாட்டேன்.
காட்ட வெட்டாம, ஆள எறக்காம,
அடுத்த வருசம், அடுத்த வருசம்னு
தட்டிக்கிட்டே இருப்பேன்."
"தோத்துருவ."
"தோக்கலாம்ணே.
ஆனா அப்ப நாம இங்க இருக்க மாட்டோம்ல?"
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
சூட்டுக்கோலைப் பிடித்தபடியே இருந்தான்.
ஈயம் புகைந்தது.

மத்தியானம் ரெஜினோல்ட் எடுத்தார்.
கட்டுரைக்கு நல்ல வரவேற்பாம், தொடர்ச்சி வேண்டுமாம்.
"மலையக இளைஞர் கருத்து, எண்பது சொல்.
படம் கட்டாயம். சிரிச்ச மாதிரி."
காசு எவ்வளவு என்று கேட்டேன்.
தகரச் செய்திக்குக் கிடைத்திருக்கக் கூடியதைவிட
நூறு ரூபாய் கூட.

மூன்று மணிக்கு மழை விட்டது.
கனிஸ்டன் தலை சீவி வந்தான்.
லயத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓரம் நிறுத்தினேன்.
பின்னால் ஆறு காம்பரா, நீலத் தறப்பாள்,
அது பறக்காமல் பிடித்திருக்கும் பழைய டயர்கள்,
மடங்கித் தொங்கும் ஒற்றைத் தகரம்.

வெட்டிவிடுவார்கள், தெரியும்.
நாலு விரற்கடைக்குள் அடக்க
முகத்தை விட்டு மற்றதை வெட்டுவார்கள்.
அதனால் அந்தத் தகரம்
அவன் காதை ஒட்டி வரவேண்டும்,
வெட்டினால் காதும் போகிற மாதிரி.

கொஞ்சம் இடப்பக்கம், கனிஸ்டன்.
இன்னும் கொஞ்சம்.
அசையாத.
இப்ப சிரி.