பின்புறமாகப் போகும் சிரை

திரையில் இடது என்றால் அவருக்கு வலது.
இருபது ஆண்டாகியும் ஒவ்வொரு காலையும்
என் கையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

ஸ்வென்னிங் ஓஸ்தகோர், அறுபத்து மூன்று வயது,
ஹோர்சன்ஸ் நகரம், டென்மார்க்.
வலது நுரையீரலின் உச்சியில் ஒரு பட்டாணி.
பட்டாணியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்,
பட்டாணியைப் பற்றி எழுதினேன்.
முடித்த பிறகும் விரல் மவுஸின் சக்கரத்தை விடவில்லை.

கழுத்திலிருந்து இறங்குகிறேன், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக.
மூச்சுக்குழல் ஒரு கறுப்பு வட்டம்.
அடுத்ததும் கறுப்பு வட்டம். அடுத்ததும்.
இரண்டாகப் பிரிய இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்போது
வட்டத்துக்கு மூக்கு முளைத்தது.
முறை வரும்வரை பொறுக்காமல்
முந்திக்கொண்டு கிளம்பிய கிளை.

ஒன்று தடம் மாறினால் இன்னொன்றும் மாறியிருக்கலாம்.
ஒருமுறை நான் ஒன்றோடு நிறுத்திவிட்டேன்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

சாயம் ஏறிய வெள்ளைச் சிரைகளின் பின்னால் போனேன்.
மேல்மடலின் இரத்தம் முன்பக்கமாக வந்து சேரவேண்டும்.
இவருக்கு ஒரு சிரை, ஆறு மில்லிமீட்டர் அகலம்,
மூச்சுக்கிளையின் முதுகை உரசிக்கொண்டு,
விருந்தாளி சமையலறைக் கதவால் நுழைவதுபோல
இதயத்துக்குள் போகிறது.

கருவில் ஐந்தாவது வாரமோ ஆறாவதோ,
காற்று இடம் மாறிக் கேட்டிருக்கும்,
இரத்தம் சரியென்று சுற்றிப்போயிருக்கும்.
அதற்குப் பிறகு அறுபத்து மூன்று ஆண்டு
யாரும் யார்மேலும் புகார் சொல்லவில்லை.
ஓர் இருமல்கூட இல்லை.

வியாழன் எட்டு மணிக்கு அறுவை.
மெரெட்டேயை அழைத்தேன்:
முன்னால் பார்த்துக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதே.
நிணக்கணு எடுக்க உன் கத்தரி போகும் அதே வழியில்
ஒன்று படுத்திருக்கிறது.
"வரைந்து அனுப்பு" என்றாள். வரைந்தேன்.
எனக்கு வரைய வராது.

புதன்கிழமை அவரே வந்து நின்றார்,
சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து மழை சொட்ட.
பார்க்கலாமா?
முந்திய கிளையைக் காட்டினேன்.
ஒரு கணம் குனிந்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.
"இது பன்றிக்கு எல்லாம் இருக்குமே!"

பழைய பாடநூல்களில் அதன் பெயரே பன்றிக்கிளைதான்.
சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன்.
முப்பத்தொரு ஆண்டு இறைச்சிக்கூடத்தில் பரிசோதகராம்,
எத்தனை நுரையீரலைத் தொட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாதாம்.
"ஒன்றையும் இதற்காக ஒதுக்கிவைத்ததில்லை, டாக்டர்."

பிறகு சிரையைக் காட்டினேன்.
சிரிப்பு நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
மேலும் கீழுமாக மூன்று முறை உருட்டச் சொன்னார்.
"இது பன்றிக்கு இல்லை," என்றார் மெதுவாக.
"இது என்னுடையது."

வியாழன் பத்தே முக்காலுக்குக் குறுஞ்செய்தி:
நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. கட்டினோம்.

அறுபத்து மூன்று ஆண்டு தெரியாமல் இருந்தது.
ஒரு புதன்கிழமை மட்டும்
அவருக்குத் தெரிந்து இருந்தது.