ஓடாத ஆண்டுகள்

நீதிமன்றத்தின் நிலவறையில் கோப்பு அடுக்குபவள் நான்.
வருடத்துக்கு ஒருமுறை, மார்ச்சில், ஒரு தொலைபேசி.
"என் சிநேகிதன் ஒருத்தன்…" என்று தொடங்கும்
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து.

சிநேகிதன் எடுத்தது ஒரு படகு மோட்டார்,
நாற்பது குதிரைச் சக்தி.
எடுத்த இடம் இந்தக் கரை, இண்டியானா.
விடிவதற்குள் பாலம் ஏறி
கென்டக்கி போய்விட்டான்.
ஐந்து வருடம் தாண்டினால் வழக்கு போட முடியாதாமே,
பத்தொன்பது ஆகிறதே?

ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
புத்தகத்தில் உள்ளதை வாசிக்கலாம்.
வாசித்தேன்:
மாநிலத்துக்கு வெளியே கழித்த நாள்
கணக்கில் சேராது.

அவன் பேசவில்லை. சரக்குப் படகு ஒன்று ஊதியது.
அதே ஊதல் என் ஜன்னல் வழியாகவும் வந்தது.
அவ்வளவு பக்கம்.

பத்தொன்பது வருடத்தில் முடி உதிர்ந்திருக்கும்,
முழங்கால் தேய்ந்திருக்கும்.
குற்றத்துக்கு மட்டும் வயது
ஒரே ஒரு ராத்திரி.
ஸ்டக்கரின் படகுத்துறையில்
பனி ஈரம்கூடக் காயாமல் நிற்கிறது அது.

"சரி, இந்தப் பக்கத்துச் சட்டம்?" என்றான்.
பெரிய திருட்டுக்கு அங்கே
கடிகாரமே மாட்டவில்லை என்று கேள்வி.
சொல்லவில்லை.

அடுத்த மார்ச்சில் மணி அடிக்கவில்லை.
மே மாதம், சலவைக் கடை மாடிக்குக் குடிவந்த
ஆர்லிஸ் ப்ரூவிட் என்பவர்
வாக்காளர் படிவம் கேட்டு என் மேசைக்கு வந்தார்.
வாய் திறந்ததும் தெரிந்துவிட்டது.
விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினார்,
தபால்காரன் தவறவே கூடாது என்பதுபோல.

ஒளிந்திருந்தால் ஒரு நாளும் நகராது.
ஊரறிய இருந்தால்தான் ஓடும்.
ஆகவே தேவாலயத்தில் முன்வரிசை,
ரத்த தானம், பத்திரிகையில் படம்,
வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு
விர்ஜில் ஸ்டக்கருக்குப் பக்கத்து நாற்காலி.
கிழவர் உட்காருபவர்களிடமெல்லாம்
மோட்டார் கதை சொல்வார்.
"இன்னிக்குக் கிடைச்சாலும் விடமாட்டேன் அவனை."
ஆர்லிஸ் தலையாட்டிக் கேட்பார்.
உப்பை நகர்த்தி வைப்பார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.
விட வேண்டுமா என்று
எந்தப் புத்தகத்தையும் புரட்டவுமில்லை.

இன்னும் பதினான்கு மாதம்.
நேற்று வந்து, தொப்பியைக் கையில் சுருட்டியபடி கேட்டார்:
லீப் வருடத்தின் அந்த ஒரு நாள்
கணக்கில் சேருமா?

"சிநேகிதனுக்காகவா?" என்றேன்.

"இல்லை" என்றார்.