பதிமூன்றரை சென்டிமீட்டர்

டிஷ்ஷின் காலை உப்பு தின்றுவிட்டது.
கழன்று விழுந்த கிண்ணத்தில்
பக்கத்து வீட்டுக் கோழி தண்ணீர் குடிக்கிறது.
முந்நூற்று இருபது ரூபாய் கட்டச் சொல்லி
குறுஞ்செய்தி மட்டும்
தவறாமல் வருகிறது.

தடைக்காலம் முப்பத்தொன்றாம் நாள்.
விசைப்படகுகள் பாம்பனில்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்க,
நம்புராஜன் வீட்டுக்குள்
அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து
சிமெண்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்துவிட்டு
விரல் கீறலுக்குத் தேங்காயெண்ணெய் தேடுகிறேன்,
கேட்கிறான்:
"ஸ்கேல் எங்க?"

மகளின் ஜியாமெட்ரி பெட்டி.
காற்றில் முதுகு முறிந்த குடை ஒன்று.
அதன் கம்பிகளில் எட்டு.
மண்டபத்தில் செல்போன் கடைக்காரன் சொன்னானாம்,
ஒவ்வொன்றும் பதிமூன்றரை,
கூட்டியும் வெட்டாதே, குறைத்தும் வெட்டாதே என்று.
வலைக்கண்ணை விரலால் அளப்பவன்
கடலாழத்தைப் பாகத்தால் சொல்பவன்
மில்லிமீட்டருக்காக ஒரு கண்ணை மூடி
நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பின்னால் தடுப்புக்கு ஒரு கம்பிவலை வேண்டும்.
என் வலையில் காரல் காய்ந்துகொண்டிருந்தது.
கேட்கவில்லை.
தட்டிவிட்டு எடுத்துப் போனான்.
படகின் ஜிபிஎஸ்ஸுக்கு வாங்கி மிஞ்சிய கேபிள்,
சவுக்குக் கம்பு, சைக்கிள் ட்யூப் கட்டு.
கூரை மேல் நின்றது
எட்டுக் கால் பூச்சியொன்று
மீன் செதிலோடு.

நீலக்கோடு நூறு வரை ஊர்ந்தது.
தேடல் முடிந்தது, அலைவரிசைகள்: 0.

கல்யாணத்துக்கு வந்த பெட்டியில் ஈசல் பறக்கும்.
ஈசலுக்கு நடுவே ஒரு மூக்கோ
அழுகிற வாயோ தெரிந்தால்
மிச்சத்தை நாமே போட்டுக்கொள்ளலாம்.
இதில் அது நடக்காது.
வந்தால் கண்ணிமை வரை வரும்,
இல்லையென்றால் கறுப்பு.
"சண்டை போட்ட பிறகு நீ இருக்கிற மாதிரி"
என்றான் கூரையிலிருந்து.
நான் பதில் சொல்லவில்லை.

ஆறு நாள்.
பகலெல்லாம் கச்சான் கம்பை ஆட்டியது.
ஏழாம் ராத்திரி காற்று விழுந்து
கடல் எண்ணெய் போலக் கிடந்தது.

"வந்துச்சா?"
"வரல."
"இப்ப?"
"வரல."
"கிழக்க திருப்புறேன், இப்ப?"
"ஐயோ, கைய எடுக்காத!"

வந்துவிட்டது.
அக்கரையின் ஏதோ ஒரு நிலையம், பெயர்கூடப் படிக்கத் தெரியவில்லை.
அவன் பிடித்திருந்தால் இருக்கிறது,
விட்டால் போகிறது.
குடைக்கம்பி எட்டும் போதாமல்
ஒன்பதாவதாக
ஐந்தடி ஆறங்குலம் அவனே நின்றான்.

"என்ன ஓடுது?"
"வானிலை. பச்சைச் சேலைக்காரி
மாங்காய் மாதிரி ஒரு நாட்டைக் காட்டுறா."
"நம்ம ஊரு தெரியுதா?"
பார்த்தேன்.
இடது மேல் மூலையில்
பாம்பன் இருக்க வேண்டிய இடத்தில்
கடிகாரம் ஒட்டியிருந்தார்கள்.
"நம்ம மேல மணி போட்டிருக்கானுங்க."
"எத்தன?"
"ஒம்பது இருபது."
கொஞ்ச நேரம் சத்தமில்லை,
செல்போன் வெளிச்சம் ஓட்டைக்குள் விழுந்தது.
"சரியாத்தான் இருக்கு."

பிறகு அந்தக் கடிகாரத்துக்கு அடியிலிருந்து
வெள்ளை அம்புகள் புறப்பட்டன,
ஒவ்வொன்றாக அவர்கள் பக்கம்.
"காத்து இங்கேருந்து கிளம்புதாம்"
என்று கத்தினேன்.
"தெரியுது, சட்டை அடிக்குது."

அந்தச் சட்டை அடித்ததில்தான் போனதோ,
சேலைக்காரி ஒரு கையைத் தூக்கியபடியே
சதுரம் சதுரமாக உடைந்து
கறுப்பானாள்.

"இப்ப?"
கறுப்பில் என் முகம் தெரிந்தது, பின்னால் அறை தெரிந்தது.
கால் நீட்டினேன்.
முப்பத்தெட்டு நாளில் முதல் தடவை
எனக்கு இந்த வீட்டுக்குள் இடமிருந்தது.

"அசையாத" என்றேன்,
"இப்பத்தான் தெளிவா வருது."