நொடிக்கு அரை மில்லிநொடி

மண்டபத்துக் கடிகாரம்
நாலு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.
மொட்டைமாடி ஆண்டெனாவின் மூட்டில் உப்புப் பூத்து
வானத்தோடு பேச்சு அறுந்து எத்தனை நாளோ.

மூன்று சர்வர்கள் எங்களிடம்:
மண்டபம், பாம்பன், தொண்டி.
உனக்கு மணி என்ன என்று ஒன்றையொன்று
கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.
கேள்வி போய்ப் பதில் வந்த நேரத்தைப் பாதியாக்கி
போக ஆனதே வரவும் ஆகும் என்று கணக்கு.
கச்சான் அடிக்கும் நாளில்
எந்தப் படகு டிரைவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.
மண்டபத்துக்கு மட்டும் அந்தக் கேள்வியை
நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.
அதற்கு வானமே மணி சொல்கிறதே என்று.

ராக்கினி வந்தது செவ்வாய்க்கிழமை.
ஐஸ் கம்பெனி பில்லின் பின்பக்கம்
படகு எண், அதன் கீழே இரவு 2.10.
அந்த மணிக்குத்தான் பிடித்தோம் என்கிறார்களாம் அக்கரையில்.
"அப்ப இன்னாசி எங்க நின்னாருன்னு
ஒங்க மெசினு சொல்லுமாமே."

சொன்னது. 2.10, கோட்டுக்கு இந்தப் பக்கம்.
அச்சடித்துக் கொடுத்தேன்.
நாலாக மடித்துக்கொண்டு போனார்.

அன்றிரவுதான் பார்த்தேன்.
தொண்டியும் பாம்பனும் ஒரே மணி,
மண்டபம் தனி.
ஏழு நாட் வேகத்தில் நாலு நிமிஷம்
கிட்டத்தட்ட அரை மைல்.
அரை மைல் கிழக்கே போனால்
கோடு இன்னாசிக்குப் பின்னால் கிடக்கிறது.
தண்ணீரில் ஏது கோடு என்று கேட்காதீர்கள்.
திரையில் இருக்கிறது, சிவப்பாக.

கடிகாரத்தைப் பின்னால் தள்ளக் கூடாது.
தள்ளினால், கிளம்பும் முன்னே
கரை சேர்ந்துவிட்ட படகுகள் பதிவில் வரும்.
மெல்ல நடக்கச் சொல்லத்தான் முடியும்,
நொடிக்கு அரை மில்லிநொடி.
நாலு நிமிஷம் கரைய ஐந்தரை நாள்.

இப்போது மண்டபத்தில்
ஒவ்வொரு நொடியும் மயிரிழை நீளம்.
மீன் ஏலத்தில் யாரும் கவனிக்கவில்லை.
பழைய பதிவு பழைய தப்போடு அப்படியே கிடக்கிறது,
ராக்கினியின் பையில் ஒரு பிரதி.

அக்கரைக்கும் நமக்கும் மணி ஒன்றுதான்.
வழக்கு வெள்ளி காலை பத்துக்கு.
கடிகாரம் நேராவது திங்கள் மத்தியானம்.

உனக்கு மணி என்ன, பாம்பன் கேட்கிறது.
தொண்டி சொல்கிறது.
மண்டபமும் இப்போது சொல்கிறது,
எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து.

நான் போனைக் கையில் வைத்திருக்கிறேன்.