நூற்று அறுபத்திரண்டு

ஐந்தாம் மாதத்தில் நான்தான் சொன்னேன்:
நட, யஸ்னா.
வல்பரைசோ மலையில் வீடு இருப்பவளுக்கு
உடற்பயிற்சிக்கூடம் எதற்கு, படிகள் போதும்.
காலையில் இறங்கு, சாயங்காலம் ஏறு.
மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும்,
முடியாவிட்டால் நின்றுவிடு.
யாரோடு பேச, என்று சிரித்தாள்.
அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.
ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டேன்.

மாதாமாதம் ஒரு நோட்டோடு வந்தாள்.
'நூற்று அறுபத்திரண்டு. இரண்டு தடவை உட்கார்ந்தேன்.
எழுபதாவது படி உடைந்திருக்கிறது.
மீன்காரரின் நாய் மூன்றாம் திருப்பம் வரை கூட வந்தது.'
வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற வயிறுகளுக்கெல்லாம்
அந்த நோட்டைத் தூக்கிக் காட்டினேன்.
நடக்கிறவளை இருட்டு அண்டாது என்றேன்.
குறையும் என்றுதான் காகிதத்தில் இருந்தது.
குறையும் என்பதை
வராது என்று படித்தவள் நான்.

ஆகஸ்ட் மழையில் மகள் பிறந்தாள். சுகப்பிரசவம்.
எட்டாவது வாரம் பத்துக் கேள்விகள் உள்ள படிவம்.
பேனாவை எடுத்தாள், வைத்தாள், அவ்வளவு நேரம்தான்.
பத்துக்கும் சுழியம்.
இத்தனை நேர்க்கோட்டில்
யாரும் நலமாக இருந்து நான் பார்த்ததில்லை.
நோட்டு எங்கே என்று கேட்டேன்.
நனைந்துவிட்டது என்றாள்.
வெளியே கொட்டுகிறது,
அவள் காலில் வீட்டுச் செருப்பு.

மறுநாள் நான் ஏறினேன்.
இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் எழுதித் தந்த படிகள்,
ஒரு நாளும் ஏறியதில்லை.
எழுபதாவது நிஜமாகவே உடைந்திருந்தது,
கம்பி நீட்டிக்கொண்டு,
எட்டு மாத வயிற்றுக்குக் கீழே கண்ணுக்கே தெரியாத இடத்தில்.
எண்பதில் எனக்குப் பேச்சு நின்றது.
நாய் மட்டும் வந்தது.

கதவைத் திறந்தாள்.
குழந்தையைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள்,
கழுத்துக்குக் கை கொடுத்து.
யாரோ நம்பி விட்டுப்போன பெட்டியை
அவர்கள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை
கீழே வைக்கக் கூடாது என்பதுபோல.

"நான் நடந்தேனே, நெலிதா," என்றாள்.
"ஒரு நாள்கூட விடவில்லையே."

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த பதில்கள்
எந்தப் படியில் சிந்தினவோ.
ஆமாம், நடந்தாய், என்றேன்.
பையிலிருந்து புதுப் படிவத்தை எடுத்தேன்.
முதலிலிருந்தா என்றாள்.
எங்கிருந்து வேண்டுமானாலும்.
விரல் பத்தாவதில் போய் நின்றது.
வாய்விட்டு நாங்கள் யாரும் வாசிக்காத கேள்வி அது.
வாசித்தேன்.
ஈரத் துணிகள் தொங்கிய அந்த அறையில்
முழுக்க, மெதுவாக.

டிராலி பஸ்ஸைப் பாதி வழியில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு
ஒஸ்வால்தோ வந்தபோது நாலு மணி.
குழந்தை அவன் நெஞ்சில்,
கீழே ஆஸ்பத்திரி வண்டி.
இறங்கும்போது யாரும் எண்ணவில்லை.
உடைந்த படி வந்ததும்
என் முழங்கையைப் பிடித்து
பார்த்து, என்றாள்
எனக்கு.