திரும்பிப் பார், ரொவீனா

புறமுதுகு காட்டுவது இழுக்கு என்பார்கள்.
எனக்கு எல்லோரும் காட்டுவது அதைத்தான்.
கிரிம்ஸ்பி காதுகேளாதோர் கால்பந்துக் கழகம்,
பெண்கள் அணி, கோல்கீப்பர்:
தொண்ணூறு நிமிடம்
பத்து முதுகுகளைப் பார்த்து நிற்பவள்.
ஐந்தாம் எண் சட்டையில் வியர்வை
எந்த வடிவில் படரும் என்று
ரொவீனாவின் கணவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

மற்ற ஊர் கோல்கீப்பர்கள் கத்துகிறார்கள்.
அவர்கள் வாய் திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறேன்,
மீன் ஏலத்தில் தரகர்களின் வாயைப் போல.
முதுகிடம் நான் எப்படிப் பேச?
அதனால் ஓர் ஒப்பந்தம்.
நான்கு மூச்சுக்கு ஒருமுறை
ரொவீனா திரும்பிப் பார்ப்பாள்.
அந்தக் கணத்துக்குள்
ஒரு வாக்கியத்தை முடித்துவிட வேண்டும்.
கையுறை போட்டால் எனக்குத் திக்குவாய்.
விரலால் சொல்ல வேண்டியதைத்
தோளால், முழங்கையால், தாடையால் சொல்கிறேன்.

கழகத்துக்கு நான்கு அணிகள்.
ஆண்கள் ஞாயிறுதோறும் தோற்று
ஏன் தோற்றோம் என்று இரவெல்லாம் விளக்குவார்கள்;
விளக்கும் கைகள் பட்டு
கண்ணாடிக் கோப்பைகள் உடையும்.
மூத்தோர் அணியில் டெஸ்மண்டுக்கு
இரண்டு முழங்காலும் புதியவை,
கோபம் மட்டும் பழையது.
சிறுமியர் அணிக்கு ஆள் போதாமல்
லியோனியின் தம்பியும் ஆடுகிறான்.
அவனுக்குக் காது கேட்கும். வெளியே சொல்லாதீர்கள்.

ஆட்டத்துக்கு முன் செவிக்கருவிகளைக் கழற்றி
பிஸ்கட் டப்பாவில் போடுவோம்.
மூடிய டப்பாவுக்குள் அவை கீச்சிடுமாம்.
டப்பாவைக் காக்கும் மார்ஜரிக்கும் கேட்காது.
அன்று வந்த நடுவர்தான்
சத்தம் எங்கே என்று சுற்றிச்சுற்றித் தேடினார்.
விசிலோடு கொடியும் வேண்டும் என்பதை மறந்து வந்தவர்,
காரிலிருந்து மஞ்சள் துடைப்புத் துணி எடுத்து வந்தார்.
நல்ல மனிதர். நன்றாகவே வீசினார்.

நவம்பர். லவுத் ஊர்ப் பெண்களோடு ஆட்டம்.
ஒன்றுக்கு ஒன்று.
அறுபத்தெட்டாம் நிமிடம்
ஹம்பர் முகத்துவாரத்திலிருந்து மூடுபனி ஏறியது.
எதிர் கோல் முதலில் போயிற்று.
பிறகு நடுவட்டம். மஞ்சள் துணி.
பிறகு ரொவீனாவின் ஐந்து
ஒரு கறையாகி, அதுவும் கரைந்தது.
அவள் திரும்பினாளா?
நான் பேசிக்கொண்டே இருந்தேன்,
பனியிடம்.

லவுத் பெண்களுக்குப் பனிக்குள்ளும் பேச்சு உண்டு.
"இங்கே" என்று ஒருத்தி சொன்னால் போதும்,
இன்னொருத்தி அங்கே இருப்பாள்.
எனக்கு வந்தது பொறாமை.
வேறு பெயர் வைத்தால் பொய்யாகும்.

அப்போது பனிக்குள்ளிருந்து
ஒரு முதுகு பின்னோக்கி நடந்து வந்தது.
அடிமேல் அடி வைத்து,
என் கையுறையில் முட்டும் வரை.
ரொவீனா.
முகத்தைத் திருப்பவில்லை,
பந்து வரும் திசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
சொல் என்பது போல
தோள்பட்டைகளை ஒருமுறை அசைத்தாள்.

முதுகுக்குக் கண் இல்லை.
தோல் இருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்,
பதினொரு வருடமாக.

காலடியில் புல்தரை அதிர்ந்தது.
நான்கைந்து பேர் ஓடி வருகிறார்கள்.
எந்தப் பக்கம்?
அவள் இடது தோளை இருமுறை அழுத்தினேன்.
பாய்ந்தாள்.

பந்து வலப்பக்கம் வந்தது.

இரண்டுக்கு ஒன்று.
நடுவர் எங்கள் அருகே வந்து
துணியை முகத்துக்கு நேரே வீசி முடித்துவைத்தார்.

சலவைக்குச் சட்டைகளை எண்ணிய மார்ஜரி
ஐந்தாம் எண்ணை விளக்கடியில் விரித்தாள்.
இடது தோளில் சேற்றில்
ஐந்து விரலும் முழுசாகப் பதிந்திருந்தன.
யார் கை இது, என்றாள்.
ரொவீனா வாய் நிறைய ரொட்டியோடு
என்னைக் காட்டினாள்:
பிழையான வாக்கியம்.
ஆனால் இவள் திக்காமல் சொன்னது
இது ஒன்றுதான்.