ஐம்பது வாட்

ஏசியை அணைத்தால்தான் பதிவு.
அதன் உறுமல் மைக்குக்குள் புகுந்துவிடும் என்பதால்
வேலூரின் மே மாதத்தை
முட்டைத் தட்டு ஒட்டிய அறைக்குள் எங்களோடு பூட்டிக்கொண்டு
வானொலி படிக்கிறோம்.
ஷாஹிதா நெற்றி வியர்வையைத் துடைப்பதில்லை,
துப்பட்டா உரசினால்
மீட்டரில் பச்சையாய் ஒரு கோடு எழும்.

முதல் பருவத்தில் எனக்கு வந்த குறிப்பு:
குரல் நன்று. ஊர் தெரிகிறது.

எங்கே தெரிகிறது என்று
போட்டுப் போட்டுக் கேட்டேன்.
'வந்துகினு' இல்லை, 'இஸ்துகினு' இல்லை,
'கீது' எப்போதோ 'இருக்கிறது' ஆகிவிட்டது.
நாலாவது நாள் பிடிபட்டது.
வாக்கியம் முடியும் இடத்தில்
போகிற பஸ்ஸை நிறுத்துவதுபோல் கொஞ்சம் மேலே ஏறுகிறேன்.
பள்ளிகொண்டாவில் பாதிப் பேர் அப்படித்தான்,
நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு
லாரிகளுக்கு மேலே பேசிப் பேசி.

இரண்டாம் பருவம் வெட்டும் பாடம்.
திரையில் குரல் ஒரு மலைத்தொடர்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
புல் முளைத்த மாதிரி இருப்பது மூச்சு.
தேர்ந்தெடு, அழி.
தேர்ந்தெடு, அழி.
நிமிடத்துக்குப் பதினாறு.
இம்மானுவேல் இருமலை மட்டும் எடுப்பான்.
நான் எச்சில் விழுங்குவதைக்கூட விடவில்லை.
மூன்று பத்துக்குக் காட்பாடிப் பக்கம் ரயில் ஊதும்,
அதற்குள் முடித்துவிட வேண்டும்.

என் முதல் நிகழ்ச்சி
முள்ளுக் கத்திரிக்காய் பற்றி. பதினோரு நிமிடம்.
மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரை
நிறுத்தி, நிறுத்தி, பேசவைத்தது.

எங்கள் நிலையத்துக்கு ஐம்பது வாட்.
ஒரு குண்டு பல்புக்குக்கூட அதைவிட அதிகம் வேண்டும்.
மொட்டை மாடிக் கம்பத்திலிருந்து கிளம்பி
கோட்டை அகழியைத் தாண்டும்,
மலைக்குப் பின்னால் போகாது,
பெங்களூர் சாலையில் பொய்கை மாட்டுச் சந்தை வரை
நொண்டிக்கொண்டு வரும்.
தினமும் பஸ்ஸில் ஹெட்செட் மாட்டிப் பார்த்திருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமைகளில் மாடுகளுக்குக் கேட்கும்.
அதற்கப்புறம் எங்கிருந்தோ ஒரு தெலுங்குக்காரர்
எங்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.
எங்கள் வீடு
அவருடைய எல்லையில் இருக்கிறது.

அம்மா ராணிப்பேட்டையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறாள்.
கம்பெனி பஸ் ஆறு நாற்பதுக்குப் பொய்கையைத் தொடும்.
டிரைவர் ஜெயசீலன்
தன் பென் டிரைவை யாருக்காகவும் கழற்றியதில்லை.
அன்று கழற்றினாராம்.
நாற்பத்திரண்டு பெண்கள் சேர்ந்து கேட்டால்
கழற்றாமல் என்ன செய்வார்?

சாயங்காலம் அம்மா
செருப்புகூடக் கழற்றவில்லை.
"இன்னா பாப்பா, நல்லாதானே கீறே?"
"ஏம்மா?"
"மூச்சே வுடாம பேசினியே.
ருக்சானா கூட கேட்டா,
பொண்ணுக்கு இன்னா அவ்ளோ அவசரம்னு."

மறுநாள் கணினியின் குப்பைத் தொட்டியைத் திறந்தேன்.
யாரோ காலி செய்திருந்தார்கள்.
நூற்றெழுபத்தாறு மூச்சு.
எனக்கென்னவோ அவற்றைத்
திரும்ப ஒட்டிவிடலாம் என்று ஒரு எண்ணம்,
எந்தெந்த இடத்தில் என்பதுகூட ஞாபகம் இருப்பதுபோல்.

இரண்டாம் பகுதியை எதையும் வெட்டாமல் கொடுத்தேன்.
கத்திரிக்காய்க்காரர் முள் குத்திய விரலை
ஸ்ஸ் என்று உறிஞ்சுவது இருக்கிறது.
அவர் 'கீது' என்கிறார், பதிலுக்கு நானும்
ஒரு தடவை என்னை மறந்து.
மதிப்பீட்டுத் தாளில் சிவப்பு மையில் இருந்தது:
மூச்சு கேட்கிறது. இரண்டு மதிப்பெண் குறைவு.
ஷாஹிதா அந்தத் தாளை வாங்கி
விசிறிக்கொண்டாள்.

அம்மா இந்த முறை
மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
சோற்றைப் போட்டுக்கொண்டே,
"கத்திரிக்கா கத்திரிக்கான்னு அவ்ளோ நேரம் பேசினியே,
கிலோ எத்தினின்னு
அந்தாளக் கேட்டியா?"